தபாலில் வரும் பழக்கன்று

ஆடி பிறந்து நாலு தூறல் விழுந்ததும் பழமரம் வைக்கும் ஆசை விவசாயிகளுக்கு வந்துவிடும். முன்பெல்லாம் ஆசைப்பட்டவர் சந்தைக்குப் போவார். அல்லது பக்கத்து ஊர் நாற்றுப்பண்ணையில் நாலு கன்றைத் தூக்கிப் பார்த்து விலை பேசுவார். இன்று செல்போனைத் திறந்தால் போதும். நட்ட ஆறாம் மாதமே காய்க்கும் மா, வருஷம் முழுக்கக் காய்க்கும் பலா, ஒரே மரத்தில் ஐந்து விதப் பழம் என்று விளம்பரம் வரிசை கட்டி நிற்கிறது. படத்தில் இடுப்பளவு மரம் காய் தாங்காமல் வளைந்து கிடக்கிறது. பணம் அனுப்பினால் ஒரு வாரத்தில் கன்று பார்சலில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

மாடியில் தொட்டி வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. செடி பட்டுப்போனால் முந்நூறு ரூபாயோடு போயிற்று. ஒரு ஏக்கர் நிலத்தை நம்பி இருப்பவருக்கு அப்படியல்ல. முப்பதடிக்கு மேல் இடைவெளி விட்டு மா நட்டால் ஏக்கருக்கு 40 கன்று பிடிக்கும். கன்று 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 8,000 ரூபாய்தான். குழி வெட்டி, வேலி கட்டி, கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து, ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல் காத்து, நாலாம் வருஷம் காய் பிடிக்கும்போதுதான் அது கேட்ட பங்கனபள்ளி அல்ல, புளிப்பும் நாருமான ஏதோ ஒரு காய் என்று தெரியவரும். நெல் விதை பொய்த்தால் ஒரு போகம் போகும். மாங்கன்று பொய்த்தால் நாலு வருஷம் போகும். நின்ற மரத்தை வெட்டவும் மனம் வராது. கிளையைக் கழித்து நல்ல ரகத்தை மேலொட்டு கட்டலாம் என்பது உண்மைதான். அதற்கும் கூலியும் மேலும் இரண்டு மூன்று வருஷமும் வேண்டும்.

பழமரத்தைத் தபாலில் அனுப்பும் வழக்கம் குளிர் நாடுகளில் வேரூன்றியது. அமெரிக்காவில் ஆப்பிள், பேரி, பீச் மரங்கள் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு உறங்கும். அந்தச் சமயத்தில் கன்றைத் தோண்டி, மண்ணை உதறி, வேரை ஈர மரத்தூளிலோ பாசியிலோ சுற்றிக் கட்டி அனுப்பினால் பல நாள் தாங்கும். வசந்தத்தில் விழிக்கும்போது கன்று புது மண்ணில் இருக்கும். பயணம் போனதே அதற்குத் தெரியாது. 1913-ல் அந்நாட்டில் பார்சல் தபால் தொடங்கிய பிறகு, விலைப்பட்டியலைப் பார்த்து மரம் வாங்குவது குக்கிராமத்து விவசாயிக்கும் எளிதாயிற்று.

அங்கும் எல்லா மரமும் இதற்கு இணங்குவதில்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பாபா என்று ஒரு பழமரம் உண்டு. பெயர் பப்பாளியின் ஆங்கிலப் பெயரை ஒத்திருந்தாலும் இது சீத்தாப்பழத்தின் பங்காளி. பழம் இரண்டு மூன்று நாளில் கன்றிப்போவதால் கடைக்கு வருவது அரிது. தின்ன வேண்டுமானால் வளர்த்துத்தான் தின்ன வேண்டும். எனவே கன்றுக்குத் தபால் நர்சரிகளில் கிராக்கி. ஆனால் பாபாவின் ஆணிவேர் ஆழமாக இறங்கும்; சல்லிவேர் குறைவு. மண்ணை உதறி அனுப்பும் கன்றுகள் பல சமயம் பிழைப்பதில்லை. அனுபவப்பட்டவர்கள் தொட்டியில் வளர்ந்த ஒட்டுக்கன்றையே கேட்கிறார்கள். இந்த மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தில் தானே காய்ப்பதுமில்லை. பக்கத்தில் வேறு ரக மரம் ஒன்று நிற்க வேண்டும். படத்தைப் பார்த்து ஒரே ஒரு கன்று வரவழைத்தவர் வருஷாவருஷம் பூவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மரம் உறங்கும் நாட்டிலேயே சங்கதி இப்படி இருக்கிறது.

தமிழ்நாட்டின் மாவும் சப்போட்டாவும் கொய்யாவும் எலுமிச்சையும் அப்படி உறங்குவதில்லை. இலையோடும் தளிரோடும் விழித்திருக்கும் செடியை அட்டைப்பெட்டியில் அடைத்து, வெளிச்சமில்லாமல், லாரிக் கொட்டகையின் வெக்கையில் ஐந்து ஆறு நாள் போட்டால் என்ன ஆகும்? இலை பழுத்து உதிரும், வேர் வறளும். கூரியர் கட்டணமோ எடைக்குத் தகுந்தபடி. ஆகவே அனுப்புகிறவர் தாய்மண்ணைத் தட்டிவிட்டு ஒரு பிடி தேங்காய் நார்க்கழிவில் வேரைச் சுற்றி அனுப்பப் பார்ப்பார். மண் குறையக் குறைய அவருக்கு லாபம். மண் இருக்க இருக்கச் செடிக்கு உயிர். வியாபாரியின் லாபமும் கன்றின் உயிரும் இப்படி எதிரெதிராக நிற்கும் வியாபாரத்தில் விவசாயி எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை.

பப்பாளி நாற்றைப் பார்சலில் வாங்குவது இவை எல்லாவற்றிலும் வீண். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,200 குழி வரும். கோ.2 போன்ற ரகங்களில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. நாற்றைக் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. அதனால் குழிக்கு இரண்டு மூன்று நாற்று நட்டு, பூத்த பிறகு 15 முதல் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் வைத்துக்கொண்டு மற்ற ஆண் மரங்களைக் களைவார்கள். அப்படியானால் ஏக்கருக்கு 2,400 முதல் 3,600 நாற்று வரை வேண்டும். அதைப் பெட்டி பெட்டியாக வரவழைப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது. விதையாக வாங்கினால் ஏக்கருக்கு 200 கிராம் போதும். பாலிதீன் பையில் விதைத்தால் இரண்டு மாதத்தில் நாற்று தயார். பிடுங்காமல் பையோடு கொண்டுபோய் நடலாம். கோ.3, கோ.7 ரகங்களில் தனி ஆண் மரம் வராது. பெண் மரமும் இருபால் மரமும் கலந்து வரும். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா சூர்யா, அர்கா பிரபாத் ரகங்களும் இந்த வகைதான். பப்பாளியைப் பொறுத்தவரை தபாலில் வரத் தகுந்தது விதை ஒன்றே. அதையும் ரகத்தை வெளியிட்ட நிலையத்திலோ, முத்திரையும் தேதியும் உள்ள பொட்டலத்திலோ வாங்க வேண்டும். கடையில் வாங்கிய ரெட் லேடிப் பழத்தின் விதையில் நாற்று விட்டு அதே பெயரில் விற்பவர் உண்டு. அது வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் வரும் மரம் தாயைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெயரைக் காட்டி விற்பதற்கு மியாசாகி மாங்கன்று நல்ல உதாரணம். கிலோ லட்ச ரூபாய் விற்கும் மாம்பழம் என்று விளம்பரம் செய்கிறார்கள். மியாசாகி ஜப்பானில் ஒரு பகுதியின் பெயர். அங்கு விளைவது இர்வின் என்ற, அமெரிக்காவின் புளோரிடாவில் தோன்றிய ரகம். கூடாரத்தில் வளர்த்து, பழத்துக்குப் பழம் வலை கட்டி, தானாகப் பழுத்து வலையில் விழுந்ததை மட்டும் எடுத்து, எடையும் இனிப்பும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். அதில் மிகச் சிறந்த சில பழங்களுக்கே ஏலத்தில் அந்த விலை. விலை போகிறது அந்த வேலைக்கும் அந்தச் சந்தைக்கும். கன்றோடு சேர்ந்து சந்தை பார்சலில் வருவதில்லை. சேலத்து மாந்தோப்பில் நட்டால் அது சிவப்பாகக் காய்க்கும் ஒரு மாமரம், அவ்வளவுதான்.

கன்றை நேரில் போய் வாங்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம், படத்தில் தெரியாதவை பல கன்றில் உண்டு என்பதே. ஒட்டுக்கட்டிய இடம் தழும்பேறி, மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்க வேண்டும். சில கன்றில் மேலே கட்டிய ரகக் குச்சி பட்டுப்போயிருக்கும். கீழே வேர்ச்செடியின் துளிர் செழித்து வளர்ந்திருக்கும். தெரியாதவர் அதையே ஒட்டுக்கன்று என்று எடுத்து வருவார். சப்போட்டாவில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பாலைச் செடியின் மேல் கட்டுவதால் கீழ்த்துளிரின் இலை வேறாக இருக்கும். மாவில் இரண்டுமே மாவிலை, காய்த்தால்தான் தெரியும். உயரமான கன்றைப் பார்த்து மயங்கவும் கூடாது. சிறு பையில் இரண்டு வருஷம் கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டு கிடக்கும். அப்படிப்பட்ட மரம் பெருங்காற்றுக்குத் தாங்காது. கொய்யாப் பதியனில் ஒன்றிரண்டின் பையைக் கிழித்து வேரைப் பார்த்தே தீர வேண்டும். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. தோட்டத்தில் இறங்கிவிட்டால் அதை ஒழிப்பது மிகக் கடினம். வேரைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் பண்ணையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

கன்றோடு வரும் பூச்சியை லேசாக நினைக்கக் கூடாது. பப்பாளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோ. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட அது, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளை அழவைத்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே அடங்கியது. பெண் மாவுப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. காற்றும் எறும்பும் போக, அதை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது மனிதர்கள் எடுத்துச் செல்லும் செடிகள்தாம்.

தனியாளாக நாற்பது கன்றுக்காக நூறு மைல் போய்வரச் செலவு கட்டாது என்பது நியாயமே. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் கட்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ, மாங்கன்றுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூருக்கோ, அரசு தோட்டக்கலைப் பண்ணைக்கோ போய், தாய்மரத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்து, பில் வாங்கிக்கொண்டு மாலையில் கிளம்பினால் வெயில் படாமல் கன்று ஊர் வந்து சேரும்.

எங்கும் கிடைக்காத ரகம், தபாலில்தான் வர வேண்டும் என்றால் இரண்டு கன்றுக்கு மேல் வரவழைக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் அறவே கூடாது. பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் படம் பிடித்து வைப்பது நல்லது. வந்த அன்றே குழியில் நடக் கூடாது. உரமும் வைக்கக் கூடாது. மரநிழலில் பத்துப் பதினைந்து நாள், மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்து, மண் காயாமல் தண்ணீர் தெளித்து, புதுத் துளிர் வந்த பிறகே நட வேண்டும். தள்ளி வைப்பதால் ஒளிந்து வந்த பூச்சியும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். ஒட்டுக்கட்டிய இடத்தில் பாலிதீன் நாடா இருந்தால் அவிழ்த்துவிட மறக்கக் கூடாது. விட்டுவிட்டால் தண்டு பருக்கும்போது நாடா இறுக்கி அறுத்துவிடும்.

ஏமாந்தவர் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 1966-ம் வருஷத்து விதைச் சட்டம் உணவுப் பயிர்களின் நாற்றையும் ஒட்டுக்கன்றையும் விதை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வாங்கியவர் தம் சொந்த மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் கையில் பில் இருக்க வேண்டும். அதில் ரகத்தின் பெயர் எழுதியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசிப் பணம் அனுப்பியவர்களிடம் பெரும்பாலும் இல்லாதது அதுதான்.

அதிகாரிகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வேண்டிய ரகம் வேண்டிய மாதத்தில் அரசுப் பண்ணையில் கிடைப்பதில்லை என்பது விவசாயிகளின் பழைய முறையீடு. பார்சல் வியாபாரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதே அந்தக் குறைதான். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகங்கள் மாசியிலேயே யார் யாருக்கு எந்த ரகம், எத்தனை கன்று என்று எழுதி வாங்கி, சிறு தொகை முன்பணமும் பெற்று, ஆடியில் லாரியில் கொண்டுவந்து இறக்கட்டும். வெளியிலிருந்து பார்சலில் விற்பவர், ரகம், வேர்ச்செடி, ஒட்டுக்கட்டிய மாதம், தாய்மரம் நிற்கும் இடம் ஆகிய நான்கையும் கன்றில் சீட்டாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தட்டும். சீட்டில்லாத கன்றை வாங்கியவர் திருப்பி அனுப்பலாம், அனுப்பும் செலவு விற்றவரையே சேரும் என்றும் விதிக்கட்டும்.