நேரு படம் எங்கே போச்சு?

1977. ஜனதா ஆட்சி. வெளியுறவு அமைச்சராகி சவுத் பிளாக் வருகிறார் வாஜ்பாய். வழக்கமா பார்த்த நேரு படம் சுவரில் இல்லை! புது ஆட்சிக்குப் பிடிக்காதுன்னு அதிகாரிகளே கழட்டிட்டாங்க போல. எங்கேன்னு கேட்டார். யாரும் வாய் திறக்கல. படம் மட்டும் திரும்பி வந்துச்சு. பின்னாளில் நாடாளுமன்றத்தில் அவரே சொன்னது இது.

சீனா விவகாரத்தில் நேருவை வறுத்தெடுத்தவர்தான் அவர். 1964-ல் நேரு மறைந்தபோது மாநிலங்களவையில் உருகிப் பேசியவரும் அவரே.

நேத்து நம்ம குரூப்பிலேயே மறைந்த தலைவர் ஒருவரோட சாவைக் கிண்டலடிச்சு ஒரு மீம். நம்மாளுங்களே ஷேர் பண்றீங்க. அவர் ஆட்சியை விமர்சிங்க, தரவு நாங்க தர்றோம். அந்த மீம் இந்தப் பக்கத்தில் வராது. போட்டவங்க இன்னைக்கே அழிச்சிடுங்க.