கடிதம் கடல் கடந்தது, கணக்கு காலனிக்கு வரவில்லை

மாதம் 38 டாலர். கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற கிறித்தவத் தொண்டு நிறுவனத்தின் மூலம் நம் நாட்டுக் குழந்தை ஒன்றின் படிப்புக்கும் உணவுக்கும் அமெரிக்கக் குடும்பம் ஒன்று 2017-இல் கொடுத்துவந்த தொகை இது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,500 ரூபாய். கொடுத்தவர் வீட்டில் அந்தக் குழந்தையின் புகைப்படம் இருக்கும். அவ்வப்போது குழந்தையிடமிருந்து கடிதம் போகும், பதில் வரும்.

அந்த ஆண்டு மார்ச் 15-ஆம் தேதியோடு இந்த ஏற்பாடு இந்தியாவில் முடிந்துபோனது. சுமார் 1,45,000 குழந்தைகள், ஐந்நூற்றுக்கும் அதிகமான மையங்கள், 48 ஆண்டுகால வேலை, எல்லாம் ஒரே அறிவிப்பில் நின்றன. அந்நிறுவனத்தின் இந்தியக் கூட்டு அமைப்புகளில் ஒன்று சென்னையில் இருந்ததால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இதில் அடக்கம்.

பழைய செய்திதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2021 கிறிஸ்துமஸ் நாளன்று அன்னை தெரசா தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவைப் புதுப்பிக்க மத்திய உள்துறை மறுத்தது. இரண்டு வாரங்களுக்குள் அது திரும்பக் கொடுக்கப்பட்டது. 2024 ஜனவரியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்டு விஷன் இந்தியாவின் பதிவு ரத்தானது. ஒவ்வொரு முறையும் அரசு ஒரு பக்கம், நிறுவனம் மறுபக்கம் என்று விவாதம் நடக்கிறது. யார் பெயரைச் சொல்லிப் பணம் வந்ததோ, அந்தக் காலனி மக்கள் விவாதத்தில் எங்கேயும் இல்லை.

கொடுத்தவர் கண்டது என்ன?

முதலில் கொடுத்தவர்களின் பக்கம் நின்று பார்ப்போம். அவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள், ஓய்வூதியக்காரர்கள், தேவாலயத்துக்கு வரும் சாதாரணக் குடும்பத்தினர். தங்கள் பணம் முகம் தெரிந்த ஒரு பிள்ளைக்குப் போகிறது என்ற நிறைவே அவர்களை ஆண்டுக்கணக்கில் கொடுக்கவைத்தது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் உண்டு. கம்பேஷன் உதவி பெற்றவர்களை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. 2013-இல் வெளியான முடிவின்படி, உதவி பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிட ஓர் ஆண்டுக்கும் மேலாகக் கூடுதலாகப் படித்திருந்தார்கள். உயர்நிலைக் கல்வியை முடிப்பவர்களின் விகிதம் 12 முதல் 18 சதவீதப் புள்ளிகள் வரை உயர்ந்திருந்தது. இது சின்ன விஷயம் அல்ல. முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் வீட்டில் ஓர் ஆண்டுப் படிப்பு என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1998-இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் வேறு சில நிறுவனங்களைச் சோதித்தது. செய்தியாளர்களே நன்கொடையாளர்களாகச் சேர்ந்து, தங்கள் பெயரில் ஒதுக்கப்பட்ட குழந்தைகளைத் தேடி நேரில் போனார்கள். சில குழந்தைகளுக்கு மிகக் குறைவான உதவியே போய்ச் சேர்ந்திருந்தது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்துபோன பிறகும் அவள் பெயரில் நெடுநாள் பணம் வாங்கப்பட்டிருந்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில நிறுவனங்களில் பணம் தனிக் குழந்தைக்குச் செலவாகிறது. சிலவற்றில் எல்லோர் பணமும் ஒன்றாகச் சேர்ந்து ஊர்க் கிணறு, மருத்துவ முகாம் என்று செலவாகிறது. ஊருக்குச் செலவிடுவதில் தவறில்லை. ஆனால் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டிப் பணம் கேட்டதால், இந்தக் குழந்தைக்கு நேரே எவ்வளவு போனது என்று கொடுத்தவர் கேட்கத்தானே செய்வார்?

கேட்க இடம் இருந்தவர், இல்லாதவர்

2017-இல் கொடுத்தவர்களுக்கு வந்தது இழப்புச் செய்தி. இந்தியப் பிள்ளைக்கு இனி பணம் அனுப்ப முடியாது, விரும்பினால் வேறு நாட்டுப் பிள்ளை ஒன்றுக்கு உதவலாம் என்று அறிவிப்பு போனது. பத்தாண்டு கடிதம் எழுதிய பழக்கம் அத்தோடு அறுந்தது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் தொகுதி உறுப்பினர்களுக்கு எழுதினார்கள், தொலைபேசியில் பேசினார்கள். 2016 டிசம்பரிலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு இதற்கென்றே ஒரு விசாரணை நடத்தியிருந்தது. நம் ஊரில் என்ன நடந்தது? மையம் மூடப்படுகிறது என்று பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அவ்வளவுதான். எந்தக் கிராம சபையில் இது பேசப்பட்டது? எந்த அதிகாரி காலனிக்கு வந்து, நாளை முதல் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்டார்? கொடுத்தவருக்குக் கேட்க ஒரு நாடாளுமன்றம் இருந்தது. பெற்றவருக்குக் கேட்க ஓர் ஆலமரத்தடி கூட இல்லை.

கடிதத்தில் இல்லாத சொல்

ஒரு பிள்ளையின் கடிதத்தில் மழை இருக்கும், தேர்வு இருக்கும், தம்பி பாப்பா இருக்கும், ஜெபம் இருக்கும். சாதி இருக்காது. வறுமை என்ற சொல் மட்டும் கடல் கடந்து போகும். ஏன் இந்த வீட்டுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, ஏன் ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கின்றன என்பது போகாது. வறுமைதான் நோய் என்றால் நோட்டும் முட்டையும் மருந்து. சாதிதான் நோய் என்றால் பட்டா, சான்றிதழ், வன்கொடுமை வழக்கு, கல்லூரியில் இடம் என்று மருந்துப் பட்டியலே மாறிவிடும்.

சாதியைப் பார்க்காத உதவி சாதியின் வழியே பாயும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் இதைக் கண்டோம். உலகமெங்கும் இருந்து நிவாரணம் வந்தது. கடலை நம்பிக் கூலி வேலை பார்த்த தலித் மக்கள் பல இடங்களில் பட்டியலிலேயே இல்லை. முகாம்களில் சேர்ந்து தங்கவும் தண்ணீர் எடுக்கவும்கூடத் தடை இருந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1890-களில் செங்கல்பட்டுப் பகுதியில் வேலை செய்த வில்லியம் கௌடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் வெளிநாட்டுச் சபையாரின் காணிக்கையில் நடந்தவர்கள்தான். ஆனால் நம் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அவர்கள் அரசிடம் வாதாடினார்கள். அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையே பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. அன்று கொடுத்த கஞ்சியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பஞ்சமி நிலத்துக்காக இன்றும் வழக்கு நடத்துகிறோம்.

மதமாற்றக் குற்றச்சாட்டு

கம்பேஷன் பணம் மதமாற்றத்துக்குப் பயன்பட்டது என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம். நிறுவனம் அதை மறுத்தது. இதில் நாம் சொல்ல வேண்டியது இரண்டு. ஒரு முட்டைக்காக ஏழை தன் நம்பிக்கையை விற்றுவிடுவான் என்று பேசுவது ஏழைக்குச் செய்யும் அவமானம். மதம் மாறுவது என்பது 1956-இல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு சேர்ந்து எடுத்த அரசியல் முடிவும்கூட. அதே நேரத்தில், ஜெபித்தால்தான் சாப்பாடு என்று ஒரு மையம் சொன்னால் அதுவும் தவறுதான். இந்தச் சட்டம் தேவாலயத்துக்கு மட்டுமல்ல, மடத்துக்கும் ஜமாஅத்துக்கும் பொருந்தும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பின்னர் வந்த 1956, 1990 திருத்தங்கள் ஆகியவற்றின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறித்தவராகப் பதிவானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போக வேண்டும். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் கறாராகச் சொன்னது. ஒரு மையத்தின் பதிவேட்டில் பிள்ளையின் மதம் என்று என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். தெய்வத்தைத் தேர்ந்தெடுப்பது நம் உரிமை. தெரியாமல் சான்றிதழை இழப்பது உரிமை ஆகாது.

கணக்கு யாருக்கு?

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இல் வந்தது. 2020 திருத்தம் அதை இறுக்கியது. பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்க முடியாது. பெரிய அமைப்புகளிடம் சிறு தொகை வாங்கி, வழக்குக்கும் மாலை வகுப்புக்கும் செலவிட்ட சிறிய தலித் அமைப்புகளை அந்தக் கடைசி விதி மூச்சுத் திணற வைத்தது.

எல்லாம் வெளிப்படைத்தன்மைக்காக என்றார்கள். ஆனால் 2022 ஜூலையில், வந்த பணத்தின் விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவெளியில் போட வேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டார்கள். அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகளும் உள்துறை இணையதளத்திலிருந்து மறைந்தன. இப்போது கணக்கு டெல்லிக்குப் போகிறது, நன்கொடையாளர் நாட்டுக்குப் போகிறது. காலனிக்கு மட்டும் வருவதில்லை.

நாம் கேட்பது எளிமையானது. எந்த மத அமைப்பானாலும், எங்கள் ஊர்ப் பெயரில் வந்த பணம் எவ்வளவு, செலவு என்ன என்பதைத் தமிழில் எழுதி மைய வாசலில் ஒட்ட வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் நாம் பழகிய சமூகத் தணிக்கை இங்கேயும் நடக்கட்டும். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் படம் வெளியே போகக் கூடாது. மையம் ஒன்றை மூடும்போது, அங்கே படித்த பிள்ளைகளின் பொறுப்பை மாவட்ட நிர்வாகம் எழுத்துபூர்வமாக ஏற்க வேண்டும். பட்டதாரி இளைஞர்கள் இரண்டு பேர் முன்வந்தால் போதும், முதல் கேள்வியை அடுத்த கிராம சபையிலேயே எழுப்பலாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மத்திய, மாநில அரசுகளின் கல்வி உதவித்தொகை உண்டு. மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதி ஒதுக்கீட்டுக்கென 2024-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. இதற்குப் புகைப்படம் அனுப்ப வேண்டாம், நன்றிக் கடிதம் எழுத வேண்டாம். தாமதமானால் மனு எழுதலாம், மறியல் செய்யலாம், நீதிமன்றம் போகலாம்.

அந்த மையங்களில் சாப்பிட்டுப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். முகம் தெரியாத நாட்டிலிருந்து உதவியவர்களுக்கு நம் நன்றி என்றும் உண்டு. ஆனால் நன்றி வேறு, உரிமை வேறு. கொடுத்தவர் மனம் மாறினாலும் அரசாங்கம் மாறினாலும் நிற்காமல் வர வேண்டியது எதுவோ, அதைக் கேட்டு வாங்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.