தாயில்லாப் பிள்ளையின் பெயரால்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் வீட்டுப் பெண்மணிகள் கைபேசியில் விரும்பிப் படிக்கும் குடும்ப நாவல்களில் ஒரு வகை உண்டு. மனைவியை இழந்த ஓர் இளைஞன். அவனுக்கு நான்கைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அக்குழந்தை ஒரு நாள் யாரோ ஒருத்தியின் முந்தானையைப் பற்றிக்கொண்டு ‘அம்மா’ என்று அழைத்துவிடுகிறது. இருநூறு பக்கங்கள் கழித்துத் திருமணம், ஆனந்தக் கண்ணீர், சுபம். பெயர்களை மாற்றினால் ஒரு கதை மற்றொரு கதையாகிவிடும்.

இவை வீண் பொழுதுபோக்கு, அந்நிய ஆணும் பெண்ணும் பழகுவதை அழகாக்கிக் காட்டுபவை, ஆகவே படிக்காதீர்கள் என்று ஆலிம்கள் கூறுவது வழக்கம். அதில் நியாயம் உண்டு; நாமும் அதையே கூறி வந்தோம். இன்று நாம் வைக்கும் குற்றச்சாட்டு வேறு. இக்கதைகள் நம் வீடுகளுக்குப் புதிய கேட்டைக் கொண்டுவருவதைக் காட்டிலும், நாம் ஏற்கெனவே செய்துவரும் அநீதிக்கு அழகானதொரு போர்வையைத் தைத்துத் தருகின்றன. ‘பிள்ளைக்காகத்தான்’ என்பதே அந்தப் போர்வை.

முதலில் நல்லதை ஒப்புக்கொள்வோம். மகளுக்குத் தலைவாரிவிடும் தந்தையை, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகே விழித்திருக்கும் தந்தையை இக்கதைகள் காட்டுகின்றன. அது நமக்கு அந்நியமான காட்சி அன்று. தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுத நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஆண்மகன் பிள்ளையைத் தூக்கினால் கௌரவம் குறையும் என்று எண்ணுகிறவர், தம் நபியை அறியாதவர்.

கதை பொய் பேசத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். நாவலின் தந்தைக்கு எப்போதும் பெரிய வீடும் காரும் உண்டு. அடுப்பைப் பற்றிய கவலை இல்லை. நம் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். தறிக்குழியில் கணவன் அமர்ந்திருப்பான். ஊடைக்குத் தார் சுற்றித் தருபவள் மனைவியாக இருப்பாள். அவள் மறைந்தால் குழந்தை தாயை இழப்பதோடு நில்லாமல், தறி ஒரு கையை இழக்கிறது. வீட்டின் வருமானம் தடுமாறுகிறது. நெசவுக் குடும்பம் எந்தச் சமயத்தைச் சார்ந்ததாயினும் நிலை இதுவே. திரைப்படங்களை நாம் பரிந்துரைப்பதில்லை. ஆயினும், 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் ஆகிய தேசிய விருதுகளைப் பெற்ற ‘காஞ்சிவரம்’ நம் ஊரின் தனித்த தந்தையைப் பற்றியது என்பதால் அதைக் குறிப்பிடுகிறோம். மனைவியை இழந்த நெசவாளி, மகளின் திருமணத்துக்குப் பட்டுச்சேலை தருவேன் என்று கொடுத்த வாக்குக்காகத் தறியிலிருந்து பட்டிழைகளைத் திருடிச் சிறைக்குப் போகிறான். அது நெஞ்சை இதமாக வருடும் கதை அன்று. ஆனால் வறுமையும் தந்தைமையும் ஒரே வீட்டில் இருப்பதை அது மறைக்கவில்லை.

மனைவியை இழந்தவர் மறுமணம் செய்வது குற்றம் அன்று. தேவையைத் தேவை என்று கூறுவதும் இழிவு அன்று. ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதானபோது பல பெண்மக்களை விட்டுச் சென்றார்கள். இளைஞரான ஜாபிர் (ரலி), முன்பே மணமாகியிருந்த ஒரு பெண்ணை மணந்தார்கள். கன்னிப் பெண்ணை ஏன் மணக்கவில்லை என்று நபி (ஸல்) வினவினார்கள். தம் சகோதரிகளைப் போன்றே வயதில் சிறிய ஒருத்தியை அவர்களிடையே கொண்டுவர விரும்பவில்லை என்றும், அவர்களுக்குத் தலைவாரிப் பராமரிக்கும் பக்குவமுடையவளையே நாடினேன் என்றும் ஜாபிர் (ரலி) விடையளித்தார்கள். நபி (ஸல்) அதனை மெச்சினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது.

நாம் செய்வது என்ன? நாற்பது வயதில் மூன்று பிள்ளைகளோடு நிற்பவருக்கு, பத்தொன்பது வயதுக் கன்னிப் பெண்ணை ஏழை வீட்டில் தேடுகிறோம். ‘பாவம், பிள்ளைகள் தாயில்லாமல் தவிக்கின்றன’ என்கிறோம். பிள்ளைகளுக்காகத் தேடுவது உண்மையானால், பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள கைம்பெண்ணின் வீட்டுக் கதவை ஏன் தட்டுவதில்லை? அதே மஹல்லாவில் இரு பிள்ளைகளோடு இளம் வயதில் கணவனை இழந்தவள் இருக்கிறாள். அவளுக்கு நாம் கூறும் விடை வேறு: ‘பிள்ளைகளோடு யார் கட்டிக்கொள்வார்கள்? பிள்ளைகளை நன்னியிடம் விட்டுவிட்டு வந்தால் பார்க்கலாம்.’ ஆணுக்குப் பிள்ளை திருமணத்துக்குக் காரணமாகிறது. பெண்ணுக்கு அதே பிள்ளை தடையாகிறது. எந்த வேதத்தில் இந்தச் சட்டத்தைக் கண்டோம்?

தாய் வேற்றாரை மறுமணம் செய்தால் பிள்ளையை வளர்க்கும் முன்னுரிமை அவளிடமிருந்து மாறும் என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுவதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அது உரிமைகளின் வரிசையைக் கூறும் விதி. பிள்ளையைத் தாயிடமிருந்து பறித்தே தீரவேண்டும் என்ற கட்டளை அன்று. அபூ ஸலமா (ரலி) மறைந்தபின் உம்மு ஸலமா (ரலி) அவர்களை நபி (ஸல்) மணம் பேசியபோது, தமக்குப் பிள்ளைகள் இருப்பதை அந்த அன்னை எடுத்துரைத்தார்கள். அப்பொறுப்பை நபி (ஸல்) ஏற்றார்கள். அப்பிள்ளைகளில் ஒருவரான உமர், உணவுத் தட்டில் கையை இங்குமங்கும் அலையவிட்டபோது, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கையால், தமக்கு அருகில் உள்ளதை உண்ணும்படி அன்போடு கற்பித்தவர்கள் நபி (ஸல்) அவர்களே. நாம் மக்தபில் குழந்தைகளுக்கு முதலில் கற்பிக்கும் உணவு ஒழுக்கம், மறுமணம் செய்த தாயின் மகனுக்கு வளர்ப்புத் தந்தை கற்பித்த பாடம் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

நபி (ஸல்) அவர்களும் மனைவியை இழந்த தந்தையாக வாழ்ந்தவர்கள். கதீஜா (ரலி) மறைந்தபோது உம்மு குல்தூம், ஃபாத்திமா (ரலி) ஆகிய பெண்மக்கள் வீட்டில் இருந்தனர். அந்த வீட்டுக்கு மனைவியாக வந்த ஸவ்தா (ரலி), கணவரை இழந்த, வயது முதிர்ந்த பெண்மணி. அதனால் முதல் மனைவியின் நினைவு அழிக்கப்பட்டதா? ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழியருக்குப் பங்கு சென்றது. பத்ருப் போருக்குப் பின், சிறைப்பட்ட தம் கணவரை மீட்க மகள் ஸைனப் (ரலி) ஒரு கழுத்தணியை அனுப்பினார்கள். அது கதீஜா (ரலி) மகளின் திருமணத்தில் அணிவித்தது. அதைக் கண்டதும் நபி (ஸல்) உள்ளம் உருகினார்கள்; தோழர்களின் இசைவைக் கேட்டு, அணியை மகளிடமே திருப்பி அனுப்பினார்கள்.

இங்கேதான் எந்த நாவலும் பேசாத செய்திக்கு வருகிறோம்: இறந்தவளின் நகை. நம் வீடுகளில் முதல் மனைவியின் சங்கிலி இரண்டாம் மனைவியின் கழுத்துக்குப் போகிறது. ‘வீட்டு நகைதானே’ என்கிறார்கள். இல்லை, அது அவளுடைய நகை. அவள் மூச்சு நின்ற நொடியில் அது வாரிசுகளின் உடைமை. கடனையும் வஸிய்யத்தையும் தீர்த்தபின், பிள்ளைகள் உள்ள மனைவியின் சொத்தில் கணவனுக்குக் கால் பங்கு, தாய், தந்தை உயிரோடிருந்தால் தலைக்கு ஆறிலொன்று, எஞ்சியது பிள்ளைகளுக்கு. ஒருத்தி 36 பவுன் விட்டு, கணவன், பெற்றோர், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டுச் சென்றாள் என்று கொள்வோம். கணவனுக்கு 9, அவள் தந்தைக்கு 6, தாய்க்கு 6, மகனுக்கு 10, மகளுக்கு 5. கணவன் கொடுக்காமல் வைத்திருந்த மஹரும் அவன் அவளுக்குப் பட்ட கடனே. அதையும் சேர்த்தே பங்கிட வேண்டும். ஷரீஅத்தின் சொல் வழக்கில் ‘யத்தீம்’ என்பவர் தந்தையை இழந்தவர். தாயை இழந்த பிள்ளைக்கு அப்பெயர் இல்லை. பெயர் இல்லை என்பதற்காக அப்பிள்ளையின் ஐந்து பவுனுக்கு உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடுமா?

நன்னியின் நிலையும் இதுவே. தாய் இறந்தால் சிறு குழந்தையை வளர்க்கும் உரிமையில் தாயின் தாய் முன்னிற்கிறாள் என்பது ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். புது மனைவி வந்தவுடன் நன்னியைப் பெருநாள் விருந்தாளியாக்கிவிடுகிறோம். மகளை இழந்தவளிடமிருந்து பேரப்பிள்ளையையும் பிரிப்பது இரட்டைக் கொடுமை.

புதிதாக வருகிறவளுக்கும் அநீதியே நடக்கிறது. நாவல் அவளைத் தேவதை ஆக்குகிறது. ஊர்ப்பேச்சு மாற்றாந்தாய் என்று பேய் ஆக்குகிறது. இரண்டும் அவளை மனுஷியாகக் காணவில்லை. பிள்ளைகளின் செலவும் பராமரிப்பும் தந்தையின் கடமை. அவள் செய்வது இஹ்ஸான், உபகாரம். உபகாரத்துக்கு நன்றி கூறவேண்டும், கணக்குக் கேட்கக்கூடாது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது மூன்று. மனைவியை இழந்தவரின் நிகாஹ் தஃப்தரில் கையெழுத்திடுமுன், முதல் மனைவியின் சொத்துப் பங்கிடப்பட்டதா என்று கேளுங்கள். வருகிறவளுக்கு அவளுக்கென்று தனி மஹர் உண்டா, பிள்ளைகளின் நிலையை அவளே முழுதும் அறிந்து இசைந்தாளா என்று அவளிடமே கேளுங்கள். மறுமணத்துக்குப் பெண் தேடும்போது, மஹல்லாவின் கைம்பெண்கள் பிள்ளைகளோடு சேர்த்துக் கருதப்படட்டும். துணையில்லாதோருக்கு மணமுடித்து வையுங்கள் என்ற அந்நூர் அத்தியாயத்தின் கட்டளை, ஆணுக்கு மட்டும் இறங்கியது அன்று.

சகோதரிகளே, அந்த நாவல் உங்கள் கையில் இருந்தால், ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு படியுங்கள்: முதல் மனைவியின் வளையல் இப்போது யாருடைய கையில் இருக்கிறது? கதை விடை கூறாது. நம் வீடுகள் கூறியாக வேண்டும்; இங்கே கூறாவிட்டால் மஹ்ஷரில் கூறவேண்டிவரும்.

உரியவருக்கு உரியதைக் கொடுத்து, பிள்ளைகளின் மீது உண்மையான இரக்கம் கொள்ளும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.