கோல் போடுபவனா, கூடி உழைப்பவனா?

நமது சங்கத்து வாலிபர் ஹாக்கிக் குழுவைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிவாஜிநகரில் கூடினோம். தேநீர் ஆறுவதற்கு முன்பே விவாதம் சூடேறிவிட்டது. இடங்கள் பதினாறு. பதினைந்து பெயர்களைப் பற்றி எவருக்கும் ஆட்சேபம் இல்லை. பதினாறாவது இடத்துக்கு இரண்டு பையன்கள் நின்றனர். ஒருவன் சென்ற பருவத்தில் எல்லோரைக் காட்டிலும் அதிகமாகக் கோல் போட்டவன். ஆனால் பந்து எதிரியின் கோலுக்குப் போய்விட்டால், இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான். மற்றவன் பெயர் கோல் கணக்கில் அநேகமாக இல்லை. எனினும் முன்னணி, நடு, பின்னணி என்று எங்கே நிறுத்தினாலும் ஆட்டம் முடியும்வரை ஓய மாட்டான்.

"முன்னவனை விட்டுப் பின்னவனைக் கொள்வோம்" என்றனர் சிலர். "கோல் போடுபவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓடுபவனை வைத்து என்ன செய்வது? இது ஓட்டப் பந்தயமா?" என்றார் ஒரு பெரியவர். வாயிலருகே நின்று இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் முதற்பையனின் தாயார். "அண்ணா, கோல் போட்டதுதான் என் மகன் செய்த குற்றமா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்வியை எளிதில் தட்டிக் கழிக்க இயலவில்லை. 1809-ஆம் ஆண்டில் இங்கே கன்டோன்மென்ட் ஏற்பட்டது முதல், பட்டாளத்தோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் வந்து குடியேறிய ஊர் இது. ஹாக்கியும் பட்டாளத்தின் வழியாகவே நம் நாட்டில் பரவிற்று. இன்றும் ரெயில்வே, ராணுவம், வங்கி ஆகியவற்றில் விளையாட்டின் பேரால் வேலை பெறுகிற பிள்ளைகள் உண்டு. குழுவில் ஓர் இடம் என்பது சில வீடுகளில் அடுப்பெரியும் விஷயமாகும்.

பெரியவர் தம் கட்சிக்கு 1980-ஆம் ஆண்டின் மாஸ்கோ ஒலிம்பிக்கை எடுத்துக்காட்டினார். அப்போது தங்கம் வென்ற நம் குழுவின் தலைவர் சென்னையைச் சேர்ந்த பாஸ்கரன் என்பதை நேயர்கள் அறிவர். அந்தப் பந்தயத்தில் சுரிந்தர் சிங் சோதி ஒருவரே 15 கோல்கள் போட்டார். ஸ்பெயினை 4-3 என்று வென்ற இறுதி ஆட்டத்திலும் இரண்டு கோல்கள் அவருடையவை. பெரியவர் கூறியது உண்மைதான். ஆனால் மற்ற இரண்டு கோல்களைக் கௌஷிக்கும் முகம்மது ஷாகிதும் போட்டனர் என்பதும் உண்மை. குழுவை நடத்திச் சென்ற தலைவரின் பெயர் இறுதி ஆட்டத்தின் கோல் கணக்கில் இல்லை. அதனால் அவர் உழைப்புக் குறைந்துவிடுமோ?

நிற்க. மாஸ்கோவுக்குப் பிறகு ஆட்டமே மாறிவிட்டது. 1990-களில் ஆஃப்சைடு விதியை எடுத்துவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவே ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதியும் வந்தது. இன்று ஆட்டம் பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு பகுதிகள். செயற்கைத் தரையில் பந்து பறக்கிறது. களைத்தவன் வெளியே வந்து மூச்சு வாங்கலாம். ஆகையால் உள்ளே நிற்பவன் நின்று இளைப்பாறுவதற்கு நியாயமே இல்லை. அதோடு, ஒலிம்பிக் குழுவில் இடம் பதினாறு பேருக்குத்தான். ஒவ்வொருவனும் இரண்டு வேலை அறிந்திருக்க வேண்டிய நிலைமை இது.

பெரிய முன்னணி வீரர் ஒருவர் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் தன்ராஜ் பிள்ளையின் வரலாற்றை நினைக்க வேண்டும். அவரும் நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் சென்ற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. புனேயை அடுத்த கட்கியில் பிறந்தவர். 339 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர். பந்தோடு அவர் பாய்ந்தால் எதிரிகள் சிதறுவர். 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் ஆசியத் தங்கமும் கிடைத்தது. ஆயினும் 1992, 1996, 2000, 2004 ஆகிய நான்கு ஒலிம்பிக்கிலும் அவர் ஆடிய குழு ஒரு பதக்கமும் பெறவில்லை. அது அவருடைய குறையன்று. ஒரு தோள் சுமக்கக்கூடிய பாரத்துக்கு எல்லை உண்டு.

அப்படியானால் உழைப்பாளிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? அதுவும் தவறே. 2021-இல் டோக்கியோவில் வெண்கலப் பதக்கத்துக்காக ஜெர்மனியோடு ஆடினோம். 1-3 என்று பின்தங்கியிருந்த நம்மவர் 5-4 என்று வென்றனர். அவற்றுள் இரண்டு கோல்களைப் போட்டவர் சிம்ரன்ஜீத் சிங். முதலில் தேர்ந்த பதினாறு பேரில் அவர் இல்லை; மாற்று ஆட்டக்காரராகவே சென்றவர். நோய்த்தொற்றுக் காலமாதலால் மாற்று ஆட்களும் ஆடலாம் என்று அந்த ஆண்டு விதி தளர்த்தப்பட்டது. அது தளராதிருந்தால் அந்த இரண்டு கோல்களை யார் போட்டிருப்பார்? வலைக்கு முன்னே கணப்பொழுதில் கை தவறாமல் அடிப்பது அரிய வரம். அதை ஓட்டத்தால் ஈடுசெய்ய முடியாது.

2024-இல் பாரிஸில் நடந்தது இரு கட்சியாருக்கும் பாடமாக அமைந்தது. நம் குழு அங்கே போட்ட 15 கோல்களில் 10 ஹர்மன்பிரீத் சிங்குடையவை. அவரைக் கழித்தால் மிச்சம் ஐந்துதான். ஆனால் அவர் முன்னணி வீரர் அல்லர். பின்னணியில் நின்று கோலைக் காக்கும் தலைவர்! காவல்தான் அவருடைய முதல் வேலை. பிரிட்டனோடு நடந்த காலிறுதியில், பதினேழாம் நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அதன்பின் நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேரே ஆடினர். நடுக்களத்து மன்பிரீத் சிங் பின்னணிக்கு இறங்கி அந்த இடத்தை அடைத்தார். ஆட்டம் 1-1 என முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றோம். பல இடங்களில் ஆடத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் அன்றே ஊர் திரும்பியிருக்க வேண்டியதுதான்.

மேலும் ஒன்று. ஹர்மன்பிரீத்தின் கோல்கள் பெரும்பாலும் பெனால்டி கார்னரில் வந்தவை. வட்டத்துக்குள் பந்தைக் கொண்டுபோய் அந்த வாய்ப்பை ஈட்டியவர் ஒருவர், கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டவர் ஒருவர், அதைத் தடுத்து நிறுத்தியவர் இன்னொருவர், நான்காமவர் அடித்தார். மறுநாள் பத்திரிகையில் வருவது நான்காமவர் பெயர். கோல் கணக்கைப் பார்த்து மட்டும் ஆளைத் தேர்ந்தெடுத்தால், முதல் மூவரையும் இழந்துவிடுவோம். பிறகு நான்காமவருக்குப் பந்தே வராது.

ஆகவே என் அபிப்பிராயத்தைக் கூட்டத்தில் கூறினேன். கோல் போடும் கைத்திறன் பல ஆண்டுகளில் விளைவது. திரும்பி ஓடும் பழக்கம் ஒரு பருவத்தில் கற்பிக்கக்கூடியது. அரியதைக் கொடுத்து எளியதை வாங்குதல் நல்ல வியாபாரமன்று. முதற்பையனை எடுத்துக்கொள்வோம், ஆனால் பந்து பறிபோனால் முதலில் துரத்துபவன் அவனாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் முழுமூச்சாக ஓடட்டும். களைத்தால் வெளியே வரட்டும். ஒரு மாதம் பார்த்தும் நின்ற இடத்திலேயே நிற்பானாயின், இடம் மற்றவனுக்கு. காரியதரிசியும் ஏனையோரும் இதற்கு இசைந்தனர்.

தாயாரிடம், "அம்மா, கோல் போட்டது குற்றமன்று. மற்றவர்கள் ஓடும்போது நின்றதே குறை" என்றேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். பையன் தலை குனிந்தான்.

மற்றப் பையனிடம் செய்தியைச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதுவே அன்றைய கடினமான காரியம். சிம்ரன்ஜீத்தின் கதையை அவனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நாளைக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு, மாமா?" என்று கேட்டான்.

மாதம் இன்னும் முடியவில்லை. காலையில் மைதானத்துப் பக்கம் போகிறவர்கள் இருவரையும் பார்க்கலாம். ஒருவன் திரும்பி ஓடப் பழகுகிறான். மற்றவன் வலைக்கு முன்னே நின்று அடித்துப் பழகுகிறான்.