அரை கிரவுண்டு மனையும் ஓர் ஈமப்பேழையும்

பல்லாவரத்தில் மனை வாங்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நிலத்தடி நீரைப் பற்றி. அடுத்த கேள்வி சற்றுத் தயங்கித்தான் வரும்: "சார், இது தொல்லியல் லிமிட்ல வருதா?" வருகிறது என்று சொன்னால், அட்வான்ஸ் பணம் வைத்திருக்கும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வீட்டுப் பிளான் வரைந்து அப்ரூவலுக்கு அலைவது என் பிழைப்பு. அதனால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணில் புதைக்கப்பட்டவர்களோடு எனக்கு அன்றாடம் வரவு செலவு உண்டு.

சட்டம் சுருக்கமானது. பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010இல் திருத்தினார்கள். மத்திய அரசு பாதுகாக்கும் தொல்லிடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். வயல்வெளியில் நிற்கும் கோயிலுக்கு இது பொருந்தும். பல்லாவரத்திலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பெருங்கற்கால ஈமக்காடுகளைச் சுற்றி இந்த வட்டத்தைப் போட்டால் தெருத்தெருவாக வீடுகள் மாட்டுகின்றன. அரை கிரவுண்டில் ஓட்டு வீடு வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் என் மேஜையைத் தட்டிக் கேட்டார்: "மண்ணுக்குள்ள கிடக்கிற பானைக்காக நான் மாடி எடுக்கக் கூடாதா? அந்தப் பானைய ஒரு தடவ கண்ணுல காட்டச் சொல்லுங்க சார், அப்புறம் பேசலாம்."

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் இந்த விவகாரத்தில் நான் கேட்ட கோரிக்கைகளிலேயே நியாயமானது அது. நூறு மீட்டர் சரியா, ஐம்பது போதாதா என்று வழக்காடுகிறவர்கள் வழக்காடட்டும். என் கட்சி வேறு. எதைக் காப்பதற்காக ஒருவர் மாடி கட்டாமல் இருக்கிறாரோ அதை அவருக்குக் காட்டியாக வேண்டும். காட்டவில்லை என்றால் அவருடைய கணக்கில் வரலாறு என்பது பட்டாவில் விழுந்த வில்லங்கம், அவ்வளவுதான்.

காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பல்லாவரத்தை மின்சார ரயிலின் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர்கள். 1863 மே 30ஆம் தேதி, இங்கே ராணுவப் பரேட் மைதானத்தை ஒட்டி வெட்டியிருந்த ஒரு சரளைக் குழியின் மண்ணில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காரர், அப்போது இருபத்தெட்டு இருபத்தொன்பது வயதிருக்கும். குவார்ட்சைட் கல்லை இரு பக்கமும் செதுக்கிச் செய்த கருவி. இந்தத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அதுதான். பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இது வருகிறது. அந்த ஒரு மதிப்பெண்ணை வாங்கிய பிள்ளைகளே இதே ஊரில் சைக்கிளில் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், தாங்கள் போவது அதே பல்லாவரத்தில்தான் என்ற நினைப்பில்லாமல்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுட், சக ஊழியர் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே நடத்திய அகழாய்வு, அவற்றின் வயதைப் பதினைந்து லட்சம் ஆண்டுகள் வரை கொண்டுபோயிருக்கிறது. இந்தக் கிங்கின் அப்பா பெயரும் வில்லியம் கிங்தான். அயர்லாந்தில் கால்வே நகரில் பேராசிரியர். மகன் இங்கே வெயிலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அதே 1863இல், அப்பா ஓர் அறிஞர் கூட்டத்தில் எழுந்து, ஜெர்மனியில் ஒரு சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்த எலும்புகள் நம்மைப் போன்ற மனிதனுடையவை அல்ல, வேறு இனம் என்றார். நியாண்டர்தால் மனிதன் என்று உலகம் இன்று சொல்லும் பெயர் அவர் வைத்தது.

என் மகள் டூசல்டார்ஃபில் வேலை பார்க்கிறாள். போயிருந்தபோது அந்த நியாண்டர் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்றேன். "அங்க ஒண்ணுமே இல்லப்பா, குகையையே காணோம்" என்றாள். உண்மைதான். 1856இல் எலும்பு கிடைத்த குகையைக் குவாரிக்காரர்கள் அப்போதே உடைத்துச் சுண்ணாம்பாக்கிவிட்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியர், ஃபூல்ராட் என்பவர், அவை சாதாரண எலும்புகள் அல்ல என்று கண்டுகொண்டதால் எலும்பு பிழைத்தது, குகை பிழைக்கவில்லை. இடம் எது என்பதே பிறகு மறந்துபோயிற்று. 1997இல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் துருவி, குவாரிக் கழிவு கொட்டிய இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். கிடைத்த எலும்புத் துண்டுகளில் சில, 1856இல் எடுத்த எலும்புக்கூட்டோடு பொருந்தின. நூற்று நாற்பது வருடம் கழித்து ஒரே ஆளின் எலும்பு ஒன்று சேர்ந்தது.

ஆக, அங்கே பார்க்க உண்மையில் ஒன்றுமில்லை. ஆனால் பெயரே நியாண்டர்தால் என்று ஒரு ரயில் நிலையம், நகரத்திலிருந்து நேரே போகும் ரயில், நடக்கும் தூரத்தில் ஓர் அருங்காட்சியகம், அங்கிருந்து சிற்றாற்றின் ஓரமாக மரநிழலில் குகை இருந்த இடத்துக்கு ஒரு பாதை. இல்லாத குகையின் உயரத்துக்கு ஏறிப் பார்க்க ஒரு கோபுரம்கூட எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் பைசன் எருதுகள் மேய்கின்றன. பாட்டிகள், கைவண்டியில் குழந்தைகள், கூச்சலிடும் பள்ளிப் பிள்ளைகள். ஜெர்மன்காரர்களை நம்மைவிட ஒழுங்கானவர்கள் என்று புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. குகையை உடைத்தவர்களும் அவர்கள்தான். உடைத்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

உடைப்பதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு உலக நிலவியலில் தனிப்பெயர் உண்டு, சார்னோக்கைட். 1690களில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் கொல்கத்தாவில் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பாறையை வெட்டிக் கொண்டுபோய் வைத்த கல் அது. 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறையை நினைத்துப் பெயர் சூட்டினார். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவாகிச் சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆன கல். நாங்கள் அதை முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்று கூப்பிடுவோம். பல்லாவரம், திரிசூலம் மலைகளில் பாதி, இந்தப் புறநகர் வீடுகளின் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. நான் வரைந்த பிளான்களிலும் இருக்கிறது. மிச்சம், செங்குத்தாக வெட்டுப்பட்ட பாறைச் சுவர்களும் அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீரும்.

ஆனால் வெட்டின இடத்தில்கூட உயிர் வந்து குடியேறுகிறது. நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிட்ட குவாரிச் சுவர்ப் பொந்துகளைக் கொம்பன் ஆந்தை தன் வீடாக்கிக்கொண்டது.

இனி, நியாண்டர் பள்ளத்தாக்கில் பார்த்ததைப் போல நம் ஊரிலும் போடலாம் என்று நான் நினைக்கும் பாதை. திரிசூலம் நிலையத்தில் இறங்கி, மலைகளுக்கு நடுவே இருக்கும் திரிசூலநாதர் கோயில். சோழர் கால வேலை. கருவறையின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். அங்கிருந்து பல்லாவரம் தர்கா. மலைச் சரிவில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை அது. பின்சுவரில் ஐந்து அறைகள், தூண்களில் அவன் பட்டப்பெயர்கள். இன்று அங்கே ஓதுகிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். "முதலில் யாருடையது" என்று கிளம்புகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: ஆள் நடமாட்டமும் வழிபாடும் இருந்ததால்தான் அந்தக் குகை சாராயப் புட்டிக் கிடங்காகாமல் தப்பியது என்பது என் கணிப்பு. அங்கே ஒரு தகவல் பலகை வைப்பதானால் தர்காக்காரர்களை உட்காரவைத்துப் பேசி, அவர்கள் சம்மதத்தோடு வைக்க வேண்டும். அவர்களுக்கும் அதில் பெருமைதான் இருக்கும்.

பிறகு மறைமலையடிகள் வாழ்ந்த வீடு. 1911 முதல் அவர் பல்லாவரத்துக்காரர். தனித்தமிழ் இயக்கம் முளைத்த ஊர் இது. அதன்பின் பரங்கிமலை. புனித தோமையார் கோயிலை எல்லாரும் அறிவார்கள். எனக்கு அங்கே பிடித்தது வில்லியம் லாம்டனின் சிலை. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி லாம்டன் இந்த மலையடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் நோக்கி எஃகுச் சங்கிலி பிடித்து ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கித்தான் இமயமலை வரை இந்தியாவை அளந்தார்கள். டேப்பைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவர்த் தகராறில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும்.

வெயிலில் யார் நடப்பார்கள் என்பார்கள். மார்கழி, தை, மாசி மூன்று மாதம் காலையில் நடக்கலாம், போதும். ராணுவ நிலம், விமான நிலையம் என்று தடைகள் உண்டு. பாதை அவற்றைச் சுற்றிக்கொண்டு போகட்டும். ஃபுட் கருவி எடுத்த குழி இன்று இல்லை என்றால், இந்தப் பக்கம்தான் என்று கைகாட்டும் ஒரு கல் போதும். பணம் என்பது பெரிய சாக்கு. பல்லாவரம், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மாநகராட்சி நூலகத்தில் ஓர் அறையை ஒதுக்கினால் ஆரம்பித்துவிடலாம். பல்லாவரத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த சுடுமண் ஈமப்பேழை, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள் கொண்டது, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மூலம் அங்கேயே இருக்கட்டும். நம் ஊர்க் குயவர்களிடம் சொன்னால் அதே அளவில் ஒரு படி செய்து தருவார்கள். கைக்கோடரிக்கும் ஒரு படி, பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல்.

இன்னொன்றும் கேட்பேன். கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் வீடு கட்ட விண்ணப்பிக்கிறவருக்கு, அனுமதியோ மறுப்போ எதுவானாலும், அந்தத் தாளோடு இன்னொரு தாளும் தமிழில் வர வேண்டும். உங்கள் மனையிலிருந்து இத்தனை மீட்டரில் இருப்பது இது, இத்தனை ஆண்டுப் பழமை, எடுத்த பொருள்கள் இன்ன இடத்தில் இருக்கின்றன, குடும்பத்தோடு போனால் இலவசமாகப் பார்க்கலாம் என்று. மேஜையைத் தட்டிய என் வாடிக்கையாளருக்கு மாடி கிடைக்காமல் போகலாம். பானையையாவது பார்ப்பார்.

முதல் பலகையை எங்கே நடுவது என்று கேட்டால், தயங்காமல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை என்பேன். செடி, புறா, பழைய ஃபேன், கைமாறிய செல்போன் என்று வாங்க வருகிற கூட்டத்தைவிட நல்ல கூட்டம் எந்த அருங்காட்சியகத்துக்கும் வாய்க்காது. தமிழ், உருது, ஆங்கிலம் மூன்றிலும் எழுத வேண்டும். பாதைக்கான வரைபடத்தை நானே வரைந்து தருகிறேன், அளவு பிசகாமல், கூலி இல்லாமல். பிளான் அப்ரூவலுக்கு மட்டும் வழக்கமான ரேட்தான்.