1,200 என்னும் எண்ணும் 100 கிலோ உடலும்

பல்கலைக்கழக விடுதிகளில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு காட்சி தவறாமல் நிகழ்கிறது. முப்பது, நாற்பது கிலோ எடை குறைக்கவேண்டிய நிலையிலுள்ள ஆய்வு மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறக்கிறார். உயரம், எடை, வயது ஆகியவற்றைப் பதிகிறார். எவ்வளவு விரைவாகக் குறைய வேண்டும் என்ற கேள்விக்கு, இருப்பவற்றுள் மிக விரைவான வழியைத் தேர்கிறார். ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று விடை வருகிறது. ஐந்தாறு வாரங்கள் அந்த எண்ணுக்குள் உண்கிறார், எடை குறைகிறது. பிறகு ஓர் இரவு, ஆய்வேட்டின் இயல் ஒன்று முடியாமல் கிடக்கும்போது, விடுதி வாயிலில் உள்ள கடையில் இரண்டு பரோட்டாவோ ஒரு தட்டு மேகியோ உண்கிறார். மறுநாள் செயலியைத் திறப்பதில்லை. தமக்கு மனவுறுதி போதாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். குற்றம் மனவுறுதியில் இல்லை, எண்ணில் இருக்கிறது.

அந்த எண்ணின் பிறப்பு அறியத்தக்கது. 1918-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் எழுதிய நூல் ஒன்று, உணவைக் கலோரியால் எண்ணும் பழக்கத்தை அமெரிக்க இல்லங்களுக்குள் கொண்டுசேர்த்தது. எடை குறைய விரும்பும் பெண்களுக்கு அவர் சொன்ன அளவு 1,200. வாசிக்கும் பெண்ணின் எடை 70 கிலோவா, 120 கிலோவா என்று அந்த எண் கேட்பதில்லை. நூற்றாண்டு கடந்தும் அது செயலிகளின் அடித்தளத்தில் அப்படியே தங்கிவிட்டது. அதே 1918-இல் குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார் என்பது தற்செயலான ஒற்றுமை. அந்தச் சிறிய ஆய்வகமே வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அங்கே மிகையுணவின் அச்சம். இங்கே குறையுணவின் அச்சம். இன்று இந்தியாவில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 19 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள்.

1,200 எவ்வளவு சிறிய அளவு என்பதை உணர்த்த ஒரு பழைய ஆய்வு உதவும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்துப் பஞ்சத்தின் விளைவுகளை ஆராய்ந்தார். அவர்கள் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். உணவைத் தவிர வேறெதிலும் அவர்களுடைய மனம் நிற்கவில்லை; குளிரும் சோர்வும் மனத்தளர்ச்சியும் அவர்களைப் பற்றின. அந்த ‘அரைப்பட்டினி’ உணவின் சராசரி அளவு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. அந்த இளைஞர்கள் மெலிந்த உடலினர், வாரந்தோறும் நெடுந்தூரம் நடக்க வைக்கப்பட்டவர்கள். கொழுப்புச் சேமிப்பு மிகுந்த உடலுக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் பஞ்சத்தின் மாதிரியாக ஓர் ஆய்வகம் வகுத்த அளவைவிடக் குறைவானதை, தேர்வும் கருத்தரங்கும் நடத்திக்கொண்டு மாதக்கணக்கில் உண்ண முடியும் என்று எதிர்பார்ப்பதில் ஏதோ பிசகு இருக்கிறது.

அப்படியானால் எண்ணை எங்கிருந்து பெறுவது? உடலின் செலவிலிருந்துதான். 29 வயது, 160 செ.மீ. உயரம், 100 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1990-இல் வெளிவந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சமன்பாட்டின்படி ஓய்வுநிலையில் அவருடைய உடல் செலவிடுவது 1,694 கலோரி. இத்தகைய சமன்பாடுகள் பெரும்பாலும் மேலைநாட்டு உடல்களை அளந்து பெறப்பட்டவை. இந்தியர்களுக்கு அவை சற்று மிகுத்துக் காட்டுகின்றன. உலக அமைப்புகளின் சமன்பாடுகளை எடுத்தாண்டபோது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு 5 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டது. அதே எச்சரிக்கையை இங்கும் கைக்கொண்டால் 1,610 வரும். நூலகத்திலும் மேசையிலும் கழியும் நாளுக்கு 1.4 என்ற பெருக்கெண் பொருந்தும். ஆக, மொத்தச் செலவு 2,250 கலோரியை ஒட்டியது. அதிலிருந்து 600 கழிந்தால் 1,650. பிரிட்டனின் நைஸ் அமைப்பு எடைக்குறைப்புக்குப் பரிந்துரைத்துவந்த நாள் பற்றாக்குறையும் 600 கலோரிதான்.

இந்த 1,650-இல் ஓர் அழகு உண்டு. 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட அளவுகளில், 55 கிலோ எடையுள்ள, உடலுழைப்பு குறைந்த பெண்ணின் ஆற்றல் தேவை 1,660 கலோரி. அதாவது 100 கிலோ உடையவருக்கு நியாயமான குறைப்புணவு என்பது, 55 கிலோ உடையவரின் நிறைவான உணவு. ஆண்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இப்படியே அமைகிறது. 30 வயது, 172 செ.மீ., 120 கிலோ உடைய ஆணின் செலவு 2,830 அளவில் இருக்கும். அதில் 750 கழிந்தால் 2,080. உடலுழைப்பு குறைந்த 65 கிலோ ஆணுக்குக் கவுன்சில் சொல்வது 2,110. பெரும் எடை குறைக்க விரும்புவோர் உண்ணவேண்டியது பட்டினிக்காரரின் உணவன்று. சென்றுசேர விரும்பும் உடலுக்கு உரிய, எவரும் இயல்பாக உண்ணும் உணவு. 1,200-ஐ உண்ணும் அதே பெண் 1,050 கலோரி பள்ளத்தில் நாள்தோறும் நிற்கிறார். படுத்தே கிடந்தாலும் உடல் செலவிடும் அளவுக்கும் 400 கீழே.

அடுத்து, செயலிகள் சொல்லாமல் விடும் செய்தி. 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டு உடல் எடைக்கு 3,500 கலோரி ஈடு என்று கணித்தார். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700. அந்த வாய்பாட்டை நேர்கோடாக நீட்டினால், நாளுக்கு 600 கலோரி குறைத்தவர் ஓராண்டில் 28 கிலோ இழக்கவேண்டும். இழப்பதில்லை. உடல் சிறுக்கச் சிறுக்க அதன் செலவும் சிறுக்கிறது. அந்தப் பெண் 80 கிலோவை அடையும்போது அவருடைய செலவு 1,980-க்கு இறங்கியிருக்கும். அதே 1,650-ஐ ஒரு பருக்கை கூட்டாமல் உண்டாலும் பற்றாக்குறை 600-லிருந்து 330 ஆகிவிடும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹாலும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் லான்செட் இதழில் தந்த கணக்கு இதனினும் நேர்மையானது. நிலையாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் இறுதியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் ஆண்டில், பெரும்பகுதி மூன்றாண்டில். 600 கலோரிக்கு மொத்தம் 25 கிலோ. முதல் ஆண்டில் 12, 13. இருபத்தெட்டை எதிர்பார்த்துப் பன்னிரண்டைப் பெறுபவர் தோற்றதாக எண்ணுகிறார். பன்னிரண்டை எதிர்பார்த்துப் பன்னிரண்டைப் பெறுபவர் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைகிறார். உடல் ஒன்றே, உணவும் ஒன்றே. முன்கூட்டிச் சொல்லப்பட்ட எண் மட்டும் வேறு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது முறையன்று. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே உண்டனர். ஓராண்டின் முடிவில் 46 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்த நிலை ஏற்பட்டது. எனவே மிகக் குறைந்த உணவே ஆகாது என்று சொல்வது பொய்யாகும். ஆனால் அங்கே சத்துகள் நிறைவு செய்யப்பட்ட உணவுக்கூழ் தரப்பட்டது. மருந்துகள் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டன. பயிற்சி பெற்ற செவிலியரோ உணவியலாளரோ தொடர்ந்து கண்காணித்தனர். பழைய உணவுக்குத் திரும்பும் கட்டமும் திட்டமிடப்பட்டிருந்தது. விடுதி மாணவரிடம் இவற்றுள் எதுவும் இல்லை. அவரிடம் இருப்பது நீர்த்த பருப்பு. 25 கிராம் துவரம்பருப்பில் வெந்த ஒரு கிண்ணத்தில் புரதம் ஐந்து கிராமைச் சற்றே தாண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். தசை கரையாமல் எடை குறைய அந்தப் பெண்ணுக்கு நாளுக்கு 75, 80 கிராம் புரதமேனும் வேண்டும். சோறும் சப்பாத்தியும் மேலோங்கிய தட்டில் 1,200 கலோரிக்குள் அதைத் திரட்டுவது மிகக் கடினம். 1,650-இல் முட்டையும் தயிரும் சுண்டலும் சேர்த்தால் இயலும். விரைவுக்கு வேறு விலையும் உண்டு: வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைபவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் வேறு மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைக் குறைப்பது இடர். முன்பு உணவுண்ணல் கோளாறு இருந்தவர்களுக்குக் கலோரி எண்ணுவதே நோயைத் திரும்ப அழைத்துவிடக்கூடும். அவர்களுக்கு எந்த எண்ணும் நல்ல எண் அன்று.

மீதமுள்ள சிக்கல் அளவையில். 1992-இல் நியூயார்க் ஆய்வாளர்கள், எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை குறையவில்லை என்று முறையிட்ட ஒரு சிறு குழுவினரை அளந்து பார்த்தனர். அவர்கள் உண்டதாக எழுதிவைத்தது நாளுக்குச் சுமார் 1,000 கலோரி. உண்மையில் உண்டது 2,000. பொய் சொல்லும் எண்ணம் இருந்ததாகக் கருதவேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாததை எவரும் எழுத முடியாது. எனவே 1,650 என்பது ஓர் ஆய்வாளர் முதலில் வைக்கும் கருதுகோள் போன்றது. காலையில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியைக் குறித்து, நான்கு வாரங்கள் பொறுத்தால் உடலே விடையைத் தரும். பெண்களுக்கு மாதவிலக்கையொட்டி நீர்த்தேக்கம் ஏறி இறங்குவதால் ஒரு முழுச் சுழற்சியேனும் கடக்கவேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைந்தால் எண்ணைத் தொட வேண்டாம். குறையவே இல்லையென்றால் 100, 150 கலோரி இறுக்கிப் பார்க்கலாம், அல்லது முக்கால் மணி நேரம் விரைந்து நடக்கலாம். எட்டுப் பத்துக் கிலோ குறைந்த ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போடவேண்டும். ஆய்வகத்தில் கருவியை நாள்தோறும் அளவுத்திருத்தம் செய்யும் மாணவர்கள், தங்கள் உடல் பற்றிய எண்ணை மட்டும் முதல் நாளிலேயே இறுதியானதாகக் கொள்வது வியப்பு.

விடுதி உணவில் கண்ணுக்குத் தெரியாதது பெரும்பாலும் எண்ணெய். சோற்றைக் கரண்டிக் கணக்கில் எண்ணலாம், சப்பாத்தியை விரல்விட்டு எண்ணலாம். குழம்பின் அடியில் கலந்துவிட்டதை எந்தச் செயலியாலும் எண்ண முடியாது. ஆனால் பல விடுதிகளில் மாணவர்களே கூட்டுறவாக உணவகத்தை நடத்துகிறார்கள்; மாதக் கொள்முதல் பதிவேடு அவர்கள் கையிலேயே இருக்கிறது. 300 பேர் உண்ணும் விடுதியில் மாதம் 540 லிட்டர் எண்ணெய் வாங்கப்படுவதாகக் கொண்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 கிராம் வருகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்குப் பரிந்துரைப்பது 27 கிராம். அந்த 55 கிராமில் இருப்பது 500 கலோரி. மேலே கணக்கிட்ட பற்றாக்குறையில் பெரும்பகுதி. மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் உணவுக் கட்டணப் பட்டியலின் கீழே, தலைக்கு எத்தனை கிராம் எண்ணெய் என்று ஒரு வரி சேர்க்க ஒரு வகுத்தல் கணக்கு போதும்.