9 ரூபாய் 12 அணா

சன்னபட்டணா அரசுப் பள்ளிக்கு ஆசிரியராகப் போன மைசூர் இளைஞர் ஒருவர் சில நாட்களிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார். உடற்பயிற்சி ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. இனி எழுதித்தான் பிழைப்பது என்று முடிவு செய்துவிட்டார். அப்பா கிருஷ்ணசாமி ஐயர் மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பிள்ளையோ தட்டுத் தடுமாறி 1930-இல்தான் பி.ஏ. முடித்தவர். அந்த வீட்டில் இந்த அறிவிப்பு எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர் ஆர்.கே. நாராயண்.

மைசூருவில் இந்தக் கதைக்கு இன்றும் கிராக்கி உண்டு. ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் வளாகம் வந்த பிறகு, மாதச் சம்பளமும் ஆண்டு மதிப்பீடும் பழகிய ஒரு தலைமுறையே ஊரில் உருவாகிவிட்டது. அதில் பலருக்கு வேலையை உதறிவிட்டு எழுத்தை நம்பி இறங்கலாமா என்ற ஆசை எட்டிப் பார்க்கிறது. பெங்களூரு வாடகையோடு ஒப்பிட்டால் இங்கே சமாளித்துவிடலாம் என்று மனது கணக்குப் போடுகிறது. அப்போதெல்லாம் நாராயண் பெயர்தான் துணைக்கு வரும். அவர் துணிந்தார், ஜெயித்தார் என்பார்கள். அவருடைய வரவு செலவை மட்டும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கை நாராயணே எழுதி வைத்திருக்கிறார். எழுத்தில் கிடைத்த முதல் ஆண்டு வருமானம் 9 ரூபாய் 12 அணா. அடுத்த ஆண்டு ‘தி ஹிந்து’ ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு 18 ரூபாய் அனுப்பியது, அதுவும் மணியார்டர் கமிஷன் போக. அதற்கடுத்த ஆண்டு குழந்தைகளுக்கான கதை ஒன்றுக்கு 30 ரூபாய். இந்த வருமானத்தில் ஒரு மனிதர் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தால் அவருடைய கதைகளின் கற்பனை ஊரான மால்குடி பிறந்திருக்காது. அவரைக் காப்பாற்றியது லட்சுமிபுரத்தில் இருந்த கூட்டுக் குடும்பம். தலைக்கு மேல் கூரை இருந்தது, வேளைக்குச் சாப்பாடு இருந்தது. ‘இந்த மாதம் எவ்வளவு கொண்டுவந்தாய்’ என்று தினமும் கேட்கிற ஆள் இல்லை. துணிச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்த வீட்டு அடுப்பங்கரையைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

திருமணத்துக்குப் பிறகு இந்தச் சௌகரியம் போதவில்லை. சென்னையிலிருந்து வந்த ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்கு மைசூர் நிருபரானார். பிராமணரல்லாதார் உரிமைக்காக நடந்த பத்திரிகை அது. அதற்குச் செய்தி அனுப்பியவர் ஓர் ஐயர் வீட்டுப் பிள்ளை! கூலி அங்குலக் கணக்கில். 21 அங்குலம் கொண்ட ஒரு பத்திக்கு 3 ரூபாய் 8 அணா. காலையில் கிளம்பி கடைவீதி, நீதிமன்றம், நகராட்சி, போலீஸ் என்று சுற்றிவிட்டு, மதியம் வீடு வந்து தட்டச்சு செய்து, 2.20 மணிக்குத் தபால் எடுப்பதற்குள் சாமராஜபுரம் தபால் நிலையத்துக்கு ஓடுவார். கொலை வழக்குகள் அவருக்குக் கைகொடுத்தன. அவற்றை எத்தனை அங்குலம் நீட்டினாலும் ஆசிரியர் வெட்டமாட்டாரே!

பிற்காலத்தில் உலகமே வியந்த எளிமையான ஆங்கிலம் இந்த ஓட்டத்தில் கூர்மை பெற்றது என்று தாராளமாகச் சொல்லலாம். வேலையை விடும் இளைஞர்கள் பலர் முதல் நாளே நாவலைத் தொடங்கிவிடுகிறார்கள். அங்குலக் கூலி வேலை என்றால் முகம் சுளிக்கிறார்கள். நாராயண் அப்படிச் சுளிக்கவில்லை.

‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலைப் பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பியது தெரிந்த கதை. கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். நண்பர் அதை ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். 1935-இல் புத்தகம் வந்தது. பலர் கதையை இங்கே முடித்துக் கைதட்டிவிடுவார்கள். ஆனால் புத்தகம் விற்கவில்லை. முதல் மூன்று நாவல்களுக்கும் மூன்று வெவ்வேறு பதிப்பாளர்களைத் தேட வேண்டியிருந்தது. 1937-இல் அப்பா காலமானதும், மைசூர் அரசுக்காகப் பயண நூல் எழுதும் வேலையை ஒப்புக்கொண்டார். லண்டனில் நூல் வெளியான நாவலாசிரியர், ஊரில் அரசாங்கம் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1939-இல் மனைவி ராஜம் டைஃபாய்டில் இறந்தார். பிறகு சில காலம் அவரால் எழுதவே முடியவில்லை. மாதச் சம்பளக்காரர் விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். எழுதிப் பிழைக்கிறவருக்கு எழுதாத நாளில் வரவு இல்லை.

1941-இல் ‘இந்தியன் தாட்’ என்று சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். கார் விற்பனையில் இருந்த மாமா ஒருவர் சென்னையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைப் பிடித்துக் கொடுத்தார். அப்படியும் ஓராண்டுக்குள் பத்திரிகை நின்றுபோனது. எழுதத் தெரிந்தவருக்கு வியாபாரம் நடத்தத் தெரியவில்லை. ஆனாலும் உலகப் போரால் இங்கிலாந்துத் தொடர்பு அறுந்தபோது, அதே பெயரில் சொந்தப் பதிப்பகத்தை ஆரம்பித்தார். நாராயண் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். பள்ளி வேலையை விட்டதைக்கூட இதற்குப் பிறகுதான் வைக்க வேண்டும். தன் புத்தகங்கள் இந்தியாவில் தன் கையிலேயே இருக்கும்படி அவர் பார்த்துக்கொண்டார். ‘தி கைடு’ 1958-இல் வந்தது, 1960-இல் சாகித்ய அகாடமி விருதும் கிடைத்தது. யாதவகிரியில் அவர் கட்டிய வீடு 2016 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. சன்னபட்டணாவிலிருந்து ‘தி கைடு’ வரை கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள்.

எழுத வேண்டுமென்றால் வேலையை விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே சுஜாதா எழுதிக் குவித்தார். அசோகமித்திரனோ 1966-இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராகவே வாழ்ந்தார். தமிழுக்கு அவர் கொடுத்தது அதிகம். அவருக்குத் தமிழ்ப் பத்திரிகை உலகம் கொடுத்தது அதற்கு ஈடாகுமா என்று கேட்டால், பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இன்று இறங்குகிறவர்களின் நிலைமை வேறு. இணையதளங்களுக்குப் பொருள் விவரமும் விளம்பர வாசகமும் எழுதிக் கொடுத்து முதல் மாதங்களை ஓட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. அந்தச் சில்லறை வேலையை இப்போது ஏ.ஐ. மென்பொருள் செய்து தள்ளுகிறது. கடைவீதிக்கும் நீதிமன்றத்துக்கும் நேரில் போய் நாலு பேரைப் பார்த்து எழுதும் வேலை அதன் கைக்கு எட்டவில்லை. அதற்குக் காசு வரத்தான் தாமதமாகிறது. ராஜினாமா கடிதம் எழுதுமுன் ஓராண்டு வீட்டுச் செலவைக் கையில் வைத்திருப்பது நல்லது. நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்க ஐந்து ஆண்டுப் பணி தேவை. நாலரை ஆண்டில் கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். அலுவலகம் கட்டிவந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பது பலருக்கு மருத்துவமனையில்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. எழுத்தை நம்பிப் பிழைக்கும் தனிநபரும் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதாரும் பானும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, இப்படிப் பதிவு செய்தவருக்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பாக்கி வைக்கும் நிறுவனம் அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்டுவதற்கும் இப்போது தடை இருக்கிறது.

சட்டம் இருந்தும் என்ன? பாக்கியைக் கேட்டு மனுப் போட்டால் அடுத்த கட்டுரை வாங்கமாட்டார்களே என்ற பயம் எழுதுகிறவரின் வாயை அடைத்துவிடுகிறது. கட்டுரை கேட்கும்போது ‘நாளைக் காலைக்குள் வேண்டும்’ என்கிறார்கள். பணம் கேட்டால் ‘அக்கவுண்ட்ஸில் சொல்லியிருக்கிறேன்’ என்கிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான். எல்லோர் வீட்டிலும் லட்சுமிபுரத்து அடுப்பு எரிவதில்லை. குடும்பத்தின் தாங்குதல் உள்ளவர்கள் மட்டுமே எழுத வரமுடியும் என்றால், அந்த வீடுகளின் கதைகள் மட்டுமே அச்சில் வரும்.

பத்திரிகைகளும் பதிப்பகங்களும் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதைக் கட்டுரை கேட்கும் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். சொன்ன தேதியில் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். இந்தப் பத்திரிகைக்கும் சேர்த்துத்தான் இந்த வேண்டுகோள்.